கருவறைக்குள் ஓர் உருவப்படக்காரர்: நாமக்கல் தந்த சில்பி

தமிழ்ப் பத்திரிகை ஓவியத்தைப் பற்றிப் பேசுவோர் மாலி, கோபுலு, மணியம் வரிசையில் சில்பியையும் சேர்த்துச் சொல்லிவிட்டுக் கடந்துவிடுவது வழக்கம். அவருடைய வேர் நாமக்கல்லில் இருப்பதை அவ்வளவாக யாரும் பொருட்படுத்துவதில்லை.

சில்பியின் இயற்பெயர் பி.எம். சீனிவாசன். 1919-இல் நாமக்கல்லில் பிறந்தவர். பையனுக்குப் பாடத்தைவிடப் படத்தில்தான் கை ஓடுகிறது என்று கண்டு, சென்னை எழும்பூர் ஓவியப் பள்ளியில் சேரும்படி வழிகாட்டியவர் நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை. மோகனூரில் 1888-இல் பிறந்த பிள்ளை, உப்புச் சத்தியாகிரகப் பாட்டால் 1930-இல் நாடறிந்த கவிஞராவதற்கு முன்பே ஓவியர். தில்லி தர்பாரை ஒட்டி ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் படத்தை வரைந்து தங்கப் பதக்கம் பெற்றவர். உருவப்படத் தொழிலில் ஒரே நிபந்தனைதான்: ஆள் அச்சாக இருக்க வேண்டும். முகச்சாயல் தப்பினால் மற்ற அழகுகளுக்கு மதிப்பில்லை.

எழும்பூரில் அப்போது முதல்வராக இருந்தவர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. மெரினாவின் உழைப்பாளர் சிலையைச் செய்தவர். மனித உடலைத் திரட்சியோடு வடிப்பதில் வல்லவர். அங்கே பயின்ற சீனிவாசன் பிறகு ஆனந்த விகடனில் சேர்ந்தார். சிற்பங்களை அவர் வரையும் நேர்த்தியைப் பார்த்து 'சில்பி' என்று பெயர் சூட்டியவர் மாலி. விகடனில் அவர் 22 ஆண்டுகள் இருந்தார்.

அங்கே வெளியான 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடரில் படம் சில்பியுடையது, விளக்கம் ஆசிரியர் தேவனுடையது. கோயில் கோயிலாகப் போய், சிலைக்கு எதிரே உட்கார்ந்து வரைந்த படங்கள் அவை. கருவறையில் கேமராவுக்கு இடமில்லை. விளக்கொளியில் கண்ணுக்குத் தெரிவதைக் கையால்தான் எடுத்துவர முடியும். அச்சுக்கூடத்தின் தேவையும் அதற்கு ஒத்துப்போனது. ஒளிநிழல் படிந்த வண்ணப் படத்தைப் புள்ளிகளாக உடைத்துத்தான் அச்சுத் தகடு (பிளாக்) செய்தாக வேண்டும். மட்டமான தாளில் அது அப்பிவிடும். பேனாக் கோட்டுக்கு அந்தத் தொல்லை இல்லை. சில்பியின் படத்தில் கோடுகள் நெருங்குமிடத்தில் கல் உள்வாங்குகிறது. கோடு விட்ட வெள்ளையில் தோளும் முழங்காலும் முன்னே புடைக்கின்றன; ராய் சௌத்ரியின் பள்ளியில் பழகிய திரட்சி அது.

அதே காலத்தில் கோவில்பட்டி கொண்டையராஜு வழிவந்த காலண்டர் சாமிகள் வீட்டுக்கு வீடு தொங்கின. அந்த முருகன் எல்லா ஊருக்கும் பொதுவானவன். சில்பியின் சாமிக்கோ ஊர் உண்டு. இந்தக் கோயிலின் மூலவர், இந்த நகை, இந்தச் சாயல் என்று பக்தர் அடையாளம் சொல்லிவிடலாம். மன்னர் முகத்துக்குப் பிள்ளை கட்டுப்பட்டதுபோலவே கல்முகத்துக்குக் கட்டுப்பட்டவர் சில்பி. தெய்வத்துக்கு அவர் வரைந்தது உருவப்படம் என்பேன். நாமக்கல் குடைவரையில் இரணியனைக் கிழிக்கும் நரசிம்மரையும் காலை வீசி உயர்த்திய திரிவிக்கிரமரையும் பார்த்து வளர்ந்த கண் என்பதையும் இதோடு சேர்க்கத் தோன்றுகிறது. ஆனால் அது ஊகமே. ராய் சௌத்ரியின் பயிற்சிக்கு உள்ள வலு அதற்குக் கிடையாது.

விகடனுக்குப் பின் வேறு இதழ்களிலும் வரைந்த சில்பி 1983-இல் காலமானார். அவர் படித்த பள்ளியிலிருந்தே ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் மாணவர்களும் கிளம்பி 1966-இல் சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமத்தை உருவாக்கினார்கள். சென்னை நவீன ஓவியத்தைப் பற்றிய எழுத்து அவர்களைச் சுற்றியே வளர்ந்தது. வாரப் பத்திரிகையில் வரைந்தவரை அது படக்காரர் என்று ஒதுக்கியது. பக்தர்களோ படத்தை வெட்டிப் பூஜை அறையில் ஒட்டிக்கொண்டார்கள்.