புனல் கொண்ட புலவர் இருவர்

புனலாட்டு தமிழர்க்குப் புதிதன்று. புறநானூற்றின் 243-ஆம் பாட்டை யாத்த தொடித்தலை விழுத்தண்டினார், தண்டூன்றி நடக்கும் முதுமையில் இளமையை எண்ணி இரங்குகிறார். அவர் நினைவுக்கு வருவது போர்க்களமன்று, அரசவையன்று. நீர்த்துறையில் தாழ்ந்திருந்த மருத மரத்தின் கிளையேறிக் கரையிலிருந்தோர் வியக்கக் குதித்ததும், ஆழத்தில் மூழ்கி அடிமணலை அள்ளிவந்து காட்டியதுமே நினைவுக்கு வருகின்றன. மூழ்கி மணலெடுத்தல் அன்று ஊர்ச்சிறுவர் எல்லாரும் அறிந்த விளையாட்டு என்பது இதனால் பெறப்படும்.

ஆயினும் நீர் அன்றும் ஆளைக் கொண்டது. கழார் என்னும் காவிரித் துறையில் புதுப்புனல் விழாவில் ஆடிய ஆட்டனத்தியை வெள்ளம் வவ்விச் சென்றது. சிலப்பதிகாரம் அவனை வஞ்சி நகர் வேந்தனாகக் கூறுதலின், அவன் நாம் இன்று வாழும் இச்சேர நாட்டுக்கு உரியவன். அவன் மனைவி ஆதிமந்தி ஊர்தோறும் தேடி அலைந்தாள். கடலே அவனைக் கொணர்ந்து அவள்முன் நிறுத்தியது என்பது சிலம்பு கூறும் முடிவு. பரணரோ அகநானூற்றில் வேறு கூறுகிறார்: மருதி என்னும் பெண் அவனை ஆதிமந்திக்குக் காட்டிக் கொடுத்துத் தான் கடலிற் புகுந்து மறைந்தாள் என்கிறார். நமக்குப் பரணர் கூற்றே உண்மைக்கு அணித்தாகத் தோன்றுகிறது. கடல் எவரையும் கரைசேர்ப்பதில்லை, சேர்ப்பவர் மனிதரே. சேர்க்கச் சென்றவர் திரும்பாமற் போவதும் உண்டு.

இதனை ஈண்டு நினைவூட்டக் காரணம், நம் காலத்துக்குச் சற்று முன்பு, பதினேழே மாத இடைவெளியில், பொதிகை மலையின் இருபுறத்து இலக்கிய உலகும் நீருக்கு இரு பெரியாரைப் பறிகொடுத்தமையே. பொதிகையின் கீழ்ச்சரிவில் பொருநை இறங்குகிறது; மேற்சரிவில் நெய்யாறும், நம் நகரைத் தழுவியோடும் கரமனையாறும் இறங்குகின்றன. ஒரு மலை, இரு மொழி, இரு சாவு.

முன்னவர் மகாகவி குமாரன் ஆசான். 1873-இல் காயிக்கரையில் பிறந்து, நாராயண குருவின் மாணவராகி, 1903 முதல் எஸ்.என்.டி.பி. யோகத்தின் செயலாளராகத் தொண்டாற்றியவர். 1907-இல் வெளிவந்த 'வீணபூவு' மலையாளக் கவிதையின் போக்கையே திருப்பியது. 1922-இல் நம் சென்னையில்தான் வேல்சு இளவரசர் அவருக்குப் பட்டும் வளையும் அளித்துச் சிறப்பித்தார். திருவனந்தபுரத்துக்கு வடக்கே தோன்னய்க்கலில் அவர் வாழ்ந்த இல்லத்தை இன்றும் காணலாம். 1924 சனவரியில் கொல்லத்திலிருந்து ஆலப்புழைக்கு இரவுப் பயணமாக 'ரிடீமர்' என்னும் படகில் ஏறினார். 'மீட்பர்' என்பது அப்பெயரின் பொருள். படகில் ஏற்றத்தகும் அளவுக்கு மேல் ஆட்கள் இருந்தனர். 16-ஆம் நாள் விடியுமுன் பல்லனையாற்றில் அது கவிழ்ந்தது. ஆசானுக்கு அப்போது வயது ஐம்பது. அவர் உடல் அவ்வாற்றின் கரையிலேயே அடக்கம் செய்யப்பட்டது. குமாரகோடி என்று அவ்விடத்துக்குப் பெயர்.

பின்னவர் வ.வே.சு. ஐயர். திருச்சி வரகனேரியில் 1881-இல் பிறந்தவர், இலண்டனில் வழக்கறிஞர் படிப்பு முடித்தும் அரசுப் பற்றுறுதி கூற மறுத்தவர், காவலரின் கண்ணைக் கட்டிப் புதுவை வந்து சேர்ந்தவர், குறளை ஆங்கிலமாக்கியவர், 'குளத்தங்கரை அரசமரம்' எழுதிச் சிறுகதைக்கு வழி திறந்தவர். சேரன்மாதேவியில் அவர் நடத்திய குருகுலத்தில் மாணவர் உணவு குறித்தெழுந்த பூசல் தமிழகத்தையே உலுக்கியது. அப்பூசலில் யார் பக்கம் நியாயம் என்பது இக்கட்டுரையின் பொருளன்று. குழந்தைகளைப் பிரித்து அமர்த்தியது தவறே என்பதோடு நிறுத்துவோம். அந்தச் சூடு ஆறுமுன், 1925 சூன் தொடக்கத்தில், மாணவருடன் பாபநாசம் மலைக்குச் சென்றார். கல்யாண தீர்த்தத்தில் பாறை தாண்ட முயன்ற மகள் சுபத்திரை நீரில் வீழ்ந்தாள். தந்தை பின்னே குதித்தார். இருவரும் மீளவில்லை. ஐயருக்கு வயது நாற்பத்து நான்கு.

இவ்விரு சாவுகளையும் ஊழ் என்று கூறி அமைவது எளிது. ஆயின் இரண்டும் ஒரு தன்மையன அல்ல. பல்லனையில் நேர்ந்தது படகின் பிழை. மிகுதியான ஆட்கள் ஏறினால் படகு தாழ்கிறது. அவர்கள் மேல்தட்டிலோ ஒரு புறத்திலோ திரண்டால் நிறையின் நடுவிடம் மாறி, சிறு சாய்வும் கவிழ்ப்பாக முடிகிறது. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் இரட்டைத் தட்டுப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். தமிழகத்திலிருந்து சுற்றுலா வந்தோர் அவருள் பலர். 2023 மே 7 அன்று தானூரில் 22 பேர் மாண்டனர். 2002 சூலை 27 விடியற்காலையில் முகம்மாவிலிருந்து குமரகத்துக்குச் சென்ற அரசுப் படகு வேம்பநாட்டுக் காயலில் கவிழ்ந்து 29 பேர் இறந்தபோது, பயணிகளுள் பலர் அரசுப் பணிக்கான தேர்வெழுதப் புறப்பட்டவர்கள். அலுவலகக் கோப்புகளிடையே வாழும் எம்மனோர்க்கு அச்செய்தி தனியே தைக்கிறது. ஒரு கடைநிலைப் பணியிடத்துக்காக நுழைவுச்சீட்டைச் சட்டைப்பையில் மடித்துவைத்துக் கொண்டு படகேறிய இளைஞனை நாம் நன்கறிவோம்; நம்முள் பலர் அவனாக இருந்தவர்களே. இங்கெல்லாம் நீச்சல் ஓரளவே உதவும். காற்றடைத்த மிதவைச் சட்டையும், கணக்கோடு ஆளேற்றும் கண்டிப்புமே முதற்காப்பு.

கல்யாண தீர்த்தத்தில் நேர்ந்தது வேறு. மூழ்குவாரைக் கண்டதும் குதிப்பது பேரன்பு. ஆனால் மூழ்குபவர் தம்மையறியாமல் காப்பவரை இறுகப் பற்றி உடன் ஆழ்த்துவர் என்பது நீர்த்துறை அறிந்தோர் கூறுவது. இருவராய் மூவராய் ஒரே குடும்பத்தார் இறந்த செய்திகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணம். சங்கப் பாடல்களில் புனலாடுவோர் கைக்கொள்ளும் 'புணை' இங்கு நினைக்கத்தக்கது. கட்டை, மூங்கில், காற்றடைத்த குடம், முறுக்கிய வேட்டி, இவற்றுள் கைக்கெட்டியதைக் கரையிலிருந்தே நீட்டுவதும் எறிவதுமே முதற்செயல். மூழ்குபவர் திரைப்படத்திற் போலக் கூவி அழைப்பதில்லை; மூச்சுக்கே வாய் போதாதபோது கூவுவது எங்ஙனம்? ஓசையின்றியே அமிழ்வர். கரைசேர்த்தபின் தலைகீழாகத் தொங்கவிட்டுச் சுழற்றும் பழக்கம் நம் ஊர்களில் உண்டு. அதனால் காலம் வீணாவதன்றிப் பயனில்லை. வாயோடு வாய் வைத்து மூச்சூட்டலும் மார்பழுத்தலுமே தக்கன. நீரில் மூழ்கியவரை உயிர்ப்பிக்கலாம் என்னும் நம்பிக்கையோடு 1767-இல் ஆம்சுடர்டாமிலும் 1774-இல் இலண்டனிலும் கழகங்கள் தோன்றின.

நீந்த வல்லாரும் இறப்பதுண்டே எனில், உண்டு. ஆங்கிலக் கால்வாயை 1875-இல் நீந்திக் கடந்த மாத்யூ வெப், 1883-இல் நயாகராவின் சுழலில் மாண்டார். 1971-இல் பாக்கு நீரிணையை இருமுறை கடந்து மீண்ட வல்வெட்டித்துறை ஆனந்தன், 1984-இல் அதே ஆங்கிலக் கால்வாயில் உயிர் நீத்தார். நம் கடற்கரை மீனவரினும் நீரறிந்தார் யார்? 2018 ஆகத்து வெள்ளத்தில் விழிஞ்ஞத்திலிருந்தும் பூந்துறையிலிருந்தும் படகுகளை லாரியில் ஏற்றிச் சென்று பிற மாவட்ட மக்களைக் காத்தவர்கள் அவர்கள். அவர்களே 2017-இல் ஒக்கிப் புயலில் மாண்டனர்; முதலப்பொழி முகத்துவாரத்திலும் மாள்கின்றனர். ஆனால் இவையெல்லாம் நீரின் கொடுமுனைக்குச் சென்றோரின் கதைகள். ஊர்க்குளத்தில், பள்ளி விடுமுறையில், இடுப்பளவு நீரிலிருந்து ஓரடி தவறி ஆழத்தில் வழுக்கும் பிள்ளைக்கு வேண்டுவது வெப்பின் ஆற்றலன்று. சிறிது நேரம் மிதந்திருக்கும் பழக்கமே. கோவளத்தில் அலை உள்ளிழுத்தால் அதனை எதிர்த்துக் களைக்காமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி இழுப்பினின்று விலகும் அறிவே.

உலகில் 2021-இல் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர் என உலக நலவாழ்வு நிறுவனம் கணித்துள்ளது. அவருள் ஏறக்குறைய நாலில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. அவ்வாண்டு முதல் சூலை 25-ஐ மூழ்கல் தடுப்பு நாளாக ஐ.நா. அவை குறித்துள்ளது.

நம் நகரில் 1933-இல் அருவிக்கரை நீர் குழாய் வழி வரத் தொடங்கியது. நோய் குறைந்தது, நன்று. ஆனால் குளத்துப் படியும், அங்கு இரண்டு நெற்றுத் தேங்காயை இடுப்பிற் கட்டிப் பிள்ளையைத் தள்ளிவிடும் மாமன்மாரும் மெல்ல மறைந்தனர். பெண்மக்கள் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஆட்டனத்தியை மீட்டவள் மருதி என்று பாடிய மரபில் வந்தோர், பெண் பிள்ளைக்கு நீச்சல் எதற்கு என்று வினவுகின்றனர். உடையும் நாணமும் தடையெனில் தனி நேரம் ஒதுக்கலாம். பெண் பயிற்றுநரை அமர்த்தலாம். கணினிக்கும் நுழைவுத் தேர்வுக்கும் தனிப்பயிற்சிக் கட்டணம் தரும் தந்தை ஒரு கோடை விடுமுறையை இதற்கு ஒதுக்குதல் அரிதன்று.

2015-இல் தேசிய விளையாட்டுகளின் நீச்சற் போட்டிகள் நம் மாவட்டத்துப் பிரப்பன்கோட்டில் நடைபெற்றன. அங்கு ஆறு பொற்பதக்கம் வென்ற சசன் பிரகாசு கேரளத்துக்காக நீந்தியவர். 2021-இல் ஒலிம்பிக்கின் முதல்நிலைத் தகுதி நேரத்தை எட்டிய முதல் இந்தியராகவும் அவரே விளங்கினார். இடுக்கியிற் பிறந்த அவர் நீச்சல் பயின்று வளர்ந்தது தமிழகத்து நெய்வேலியில், மைய அரசு நிறுவனமொன்றின் ஊழியர் குடியிருப்பில்.