தோட்டாவும் தூரமும்

வேட்டையைப் பற்றி எழுதியவர்கள் தைரியத்தைப் பற்றி எழுதினார்கள். தங்களுக்குள் பேசிக்கொண்டது என்னவோ தோட்டாவைப் பற்றித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலிருந்து இந்தியக் காடுகளைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த வேட்டை நூல்களில், புலி வருவதற்கு முன்னால் ஓர் அத்தியாயம் இருப்பது வழக்கம்: எந்தத் துப்பாக்கி, குழலின் குறுக்களவு என்ன, குண்டின் எடை எவ்வளவு. சாகசத்துக்காகப் புத்தகத்தை எடுத்த வாசகன் அதைப் புரட்டிவிட்டுப் போவான். எனக்கு அந்த அத்தியாயம்தான் சரித்திரமாகப் படுகிறது. புலி வந்த பிறகு நடப்பதில் ஆசிரியரின் சுயசித்திரமே அதிகம்.

தோட்டா என்ற சொல்லே இந்துஸ்தானியிலிருந்து வந்தது. துப்பாக்கியும் இரவல் சொல். மருந்து என்ற சொல்லை மட்டும் நாமே கொடுத்தோம், நோய்க்கும் வெடிக்கும் பொதுவாக. ஆனால் ஆயுதம் ஒன்று எவ்வளவு ஆழம் துளைக்கும் என்ற கேள்வி தமிழுக்குப் புதிதல்ல. புறநானூற்றின் 152ஆம் பாட்டில் வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானையில் தொடங்கி, புலி, மான், பன்றி எனக் கடந்து, புற்றிலிருக்கும் உடும்பில் போய் நிற்கிறது. வன்பரணர் இதில் தூரத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. அவருக்கு வேண்டியது துளைக்கும் வலிமை. விலங்கும் வில்லாளியும் ஒரே நிலத்தில், ஒருவரை ஒருவர் மோப்பம் பிடிக்கும் நெருக்கத்தில் இருக்கிறார்கள். தூரத்தை ஒரு சாதனையாகக் கருதுவது பிற்காலத்து விஷயம். அதற்கு ஒரு ரசாயனமும் ஒரு மலையும் தேவைப்பட்டன.

2

மலை நீலகிரி. தாழ்வாரக் காடுகளில் யானையையும் காட்டெருமையையும் சுடும் தூரம் பெரும்பாலும் ஐம்பது கஜத்துக்குள் அடங்கிவிடும். அங்கே கனத்த குண்டு வேண்டும், அவ்வளவுதான். உச்சியின் புல்வெளியில் நிற்கும் வரையாட்டிடம் அந்தக் கணக்கு செல்லாது. சங்கப் பாடல்களின் வருடை என்று பலரும் கருதும் இந்த ஆட்டுக்குக் கூர்மையான பார்வை. நிற்பது பாறை விளிம்பில். நடுவில் ஒளிய ஒரு புதரும் கிடையாது. தமிழ் நிலத்தில் பெரிய விலங்கைத் தொலைவிலிருந்து சுடுவது என்ற பிரச்னை உண்மையில் இந்த ஒரு பிராணியால் எழுந்தது.

பிரச்னை சுலபமான பௌதிகம். குழலை விட்ட கணத்திலிருந்து குண்டு விழத் தொடங்குகிறது. எவ்வளவு நேரம் பறக்கிறதோ, அந்த நேரத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப விழுகிறது. 1871இல் பிரிட்டிஷ் படைக்கு வந்த மார்ட்டினி-ஹென்றியின் தோட்டாவில் கரிமருந்து. 31 கிராம் ஈயக் குண்டு நொடிக்குச் சுமார் 400 மீட்டர் வேகத்தில் புறப்படும். முந்நூறு கஜம் போவதற்குள் ஏறக்குறைய பத்தடி இறங்கிவிடும். 1884இல் பிரான்சில் போல் வியெய் புகையற்ற மருந்தைக் கண்டுபிடித்தார். 1886இல் அதை வைத்துச் செய்த லெபெல் துப்பாக்கி வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் தோட்டா ஒல்லியாகி, குண்டு இலகுவாகி, வேகம் இரட்டித்தது. இங்கிலாந்தின் ரிக்பி கம்பெனி .275 என்ற பெயரில் விற்ற 7 மில்லிமீட்டர் மௌஸர் தோட்டாவில் 9 கிராம் குண்டு நொடிக்கு 800 மீட்டருக்கு மேல் போகும். அதே முந்நூறு கஜத்தில் அதன் இறக்கம் இரண்டேகால் அடி.

இந்த வித்தியாசம் குறி தவறும்போது புலப்படும். முந்நூறு கஜத்தை இருநூற்றைம்பது என்று தப்பாக மதிப்பிட்டால், பழைய குண்டு எதிர்பார்த்த இடத்துக்கு இரண்டடி கீழே போய்ப் பாறையைத் தாக்கும். புதிய குண்டு அரையடி கீழே போகும். ஆட்டின் உடம்பிலேயே எங்கோ படும். முன்பு கண்ணால் தூரம் அளக்கத் தெரிய வேண்டியிருந்தது. இப்போது அந்தத் திறமையில் பெரும்பகுதியைத் தொழிற்சாலை தோட்டாவுக்குள் அடைத்துக் கொடுத்துவிட்டது. "எங்கோ படும்" என்பதுதான் இதில் கொடுமை. பழைய தோட்டாவின் தவறு விலங்கைத் தப்பவிட்டது. புதிய தோட்டாவின் தவறு அதைக் காயத்தோடு விளிம்புக்கு அப்பால் அனுப்பியது.

இதற்குப் பரிகாரமாகச் சொல்லப்பட்டது விரியும் குண்டு. உடம்புக்குள் காளான்போல் மலர்ந்து சீக்கிரம் கொல்லும். அதன் பிரபலமான பெயர் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள டம்டம் ஆயுதசாலையிலிருந்து வந்தது. 1899 ஹேக் மாநாடு அத்தகைய குண்டை யுத்தத்தில் மனிதர்மேல் பிரயோகிக்கக் கூடாது என்றது. மானின்மேல் அதைப் பிரயோகிக்காமலிருப்பதுதான் குரூரம் என்றது வேட்டைக்காரர்களின் தர்மம். ஒரே குண்டு, இரண்டு தர்மங்கள்.

3

தோட்டாவைத் தேர்ந்தெடுப்பது ரசனையின் காரியம் என்ற தோரணையில்தான் அந்த நூல்கள் எழுதப்பட்டன. பேனாவையோ புகையிலையையோ தேர்ந்தெடுப்பது மாதிரி. உண்மையில் தேர்ந்தெடுத்தது சர்க்கார். 1857இல் என்ஃபீல்டு தோட்டாவின் கொழுப்புத் தடவிய காகிதம் என்ன செய்தது என்பதை அது மறக்கவில்லை. 1878 ஆயுதச் சட்டம் உரிமம் இல்லாத இந்தியனிடமிருந்து துப்பாக்கியைப் பறித்தது, ஐரோப்பியனுக்கு விலக்களித்தது. படையின் .303 தோட்டா சந்தையில் புழங்க விடப்படவில்லை. 1907 வாக்கில் இந்தியாவிலும் சூடானிலும் .450 குறுக்களவும் தடைசெய்யப்பட்டது. பழைய மார்ட்டினிகள் கலகக்காரர் கைகளில் இருந்தன. வேட்டைத் தோட்டாவின் குண்டு அவற்றுக்குள் போய்விடலாம் என்ற பயம்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்குகளைக் கூட்டி .465, .470, .475 என்று தோட்டாக்களைக் கொண்டுவந்தன. யானைக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது. ஆனால் .470ஐ இன்றும் வேட்டைப் பிரியர்கள் ஒரு காவிய நாயகனைப் போலப் பேசுகிறார்கள். ஒரு போலீஸ் உத்தரவைச் சுற்றிப் போவதற்காகப் பிறந்த எண் அது. சில்லறை வேட்டைக்காரனுக்கு .303க்குப் பதிலாக ஆஸ்திரிய மான்லிக்கரின் 8 மில்லிமீட்டர் தோட்டா .315 என்ற பெயரில் வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு இஷாபூர் தொழிற்சாலை அந்த அளவிலேயே துப்பாக்கி செய்தது. 1959 ஆயுதச் சட்டத்தின் கீழும் 'தடைசெய்யப்பட்ட குறுக்களவு' என்ற பாகுபாடு தொடர்கிறது. யஜமானர்கள் போனார்கள், அவர்கள் பயந்த எண்கள் தங்கிவிட்டன.

இந்த எண்களின் எல்லை எங்கள் பக்கத்தில் வயலுக்கு நடுவே ஓடியது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்கள் 1954 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்தவை. ஒரு வரப்பு இந்தப் பக்கம், அடுத்தது பிரிட்டிஷ் ஜில்லா. 1878 சட்டம் அந்த வரப்போடு நின்றுவிடும். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சியில் ஆஷைச் சுட்ட வாஞ்சிநாதன், புதுச்சேரியில் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகியவர். கையிலிருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங் கைத்துப்பாக்கி. வேட்டைத் தோட்டாவின் குறுக்களவைப் பற்றிச் சர்க்கார் ஏன் அவ்வளவு கவலைப்பட்டது என்பதற்கு வேறு வியாக்கியானம் வேண்டாம்.

4

காட்டை அழித்தவனும் வேட்டைக்காரன், காத்தவனும் வேட்டைக்காரன் என்று ஒரு வாதம் உண்டு. அதை ஒதுக்கிவிட முடியாது. 1877இல் நீலகிரியில் வேட்டைக்காரர்கள் சங்கம் அமைத்தார்கள். 1879இல் சென்னை அரசாங்கம் நீலகிரிக்கென வேட்டை, மீன்பிடிப்புச் சட்டம் கொண்டுவந்தது. உரிமமும் வேட்டை விலக்குக் காலமும் வந்தன. மூணாறுத் தோட்டத் துரைகள் தங்கள் வேட்டைக்கென வைத்திருந்த இரவிகுளம் 1978இல் தேசியப் பூங்காவாயிற்று. வரையாடுகளின் மிகப் பெரிய கூட்டம் அங்கேதான் பிழைத்தது. 2024இல் தமிழ்நாடு எடுத்த கணக்கில் இங்கே 1,031 ஆடுகள்.

ஆனால் அதே ஏற்பாடு இன்னொரு காரியத்தையும் செய்தது. உரிமம் வாங்கியவனை வேட்டைக்காரன் ஆக்கியது. வாங்க முடியாதவனைத் திருடன் ஆக்கியது. துரைக்கு ஆட்டின் தடம் காட்டியவர்கள் முதுவர்களும் குறும்பர்களும் இருளர்களும். முந்நூறு கஜத்தை நூறாகக் குறைத்தது அவர்களுடைய காற்றறிவும் கால்களும். நூல்களில் அவர்கள் பெரும்பாலும் ஒரு பெயராக, சில சமயம் அதுவும் இல்லாமல், வந்து போகிறார்கள். தோட்டாவுக்கு ஓர் அத்தியாயம். வழிகாட்டிக்கு ஒரு வாக்கியம்.

சமவெளியிலும் இதே கதைதான். வில்லியனூர் பக்கம் ஊசுட்டேரியில் குளிர்காலத்தில் பறவைகள் இறங்கும். நரிக்குறவர்கள் வைத்திருந்தது வாய்வழியாக மருந்தும் ரவையும் கெட்டிக்கும் நாட்டுத் துப்பாக்கி. அதில் தோட்டாவே கிடையாது, ஆகவே தேர்வும் கிடையாது. முப்பது நாற்பது கஜத்துக்கு மேல் அதை நம்ப முடியாது. தண்ணீரில் மார்பளவு இறங்கிக் காத்திருக்க வேண்டும். 1972 வனவிலங்குச் சட்டம் வந்தது. 2008இல் ஏரியின் புதுவைப் பகுதி சரணாலயமாயிற்று. இரண்டும் நியாயமானவை, பறவைகளுக்கு வேறு வக்கீல் இல்லை. ஆனால் சட்டத்துக்கு முன்னால் வேட்டையை நிறுத்தியவர் புத்தகம் எழுதினார். சட்டத்துக்குப் பின்னால் நிறுத்தியவர் வழக்கில் பிரதிவாதி ஆனார்.

வேட்டைக் கதைகளைத் தமிழில் படிக்கிறவர்களும் மொழிபெயர்க்கிறவர்களும் அவற்றில் இயற்கையின் மீதான பிரியத்தைக் காண்கிறார்கள். பிரியம் இருக்கிறது, மறுக்கவில்லை. அந்தப் பிரியம் எத்தனை கஜத்தில் நின்றது, அந்தத் தூரத்தை வாங்கிக் கொடுத்தது யார் என்று கேட்பது விமர்சனத்தின் வேலை. இதற்கான விவரம் நாம் தாண்டிப்போகும் முதல் அத்தியாயத்தில், எண்களாகக் கிடக்கிறது.