தீட்டிய அரிசியும் தளர்ந்த கால்களும்

கோழியோ குஞ்சோ காலூன்ற மாட்டாமல் சாய்ந்துவிடும் நிலையைப் பண்ணையாளர்கள் பொதுவாகக் கால் முடக்கம் என்று கூறினும், அப்பெயரில் அடங்கும் நோய்கள் பல; அவற்றுள் கணிசமானவை, முற்றத்தைக் கிளறி இரை தேடிய கோழி, மனிதர் அளந்து வைக்கும் தீனிக்கும் கூரையிட்ட அறைக்கும் மாறிய காலத்தில்தான் பெருவாரியாகத் தலைகாட்டின. இவ்வுண்மையை முதலில் வெளிக்கொணர்ந்தவை, டச்சு ஆட்சியின்கீழ் இருந்த ஜாவாவில், பத்தாவியா நகர இராணுவ மருத்துவமனையை ஒட்டிய ஆய்வுக்கூடத்துக் கோழிகளாகும்.

கால் மரத்து, நடை குலைந்து, முற்றினால் இதயமும் ஓய்ந்துவிடும் பெரிபெரி நோய் டச்சுப் படையினரை வாட்டிவந்ததால், அதன் காரணத்தைக் கண்டறிய 1886இல் ஒரு குழு அனுப்பப்பட்டது. நுண்ணுயிரே காரணம் என்ற முடிவோடு அக்குழுவின் தலைவர்கள் தாயகம் திரும்ப, ஆய்வைத் தொடரும் பொறுப்பு கிறிஸ்தியான் ஐக்மான் என்னும் இளம் மருத்துவரைச் சேர்ந்தது. 1889ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவருடைய கோழிகள், நோய்க்கிருமி செலுத்தப்பட்டவை, செலுத்தப்படாதவை என்ற வேறுபாடின்றித் தளரத் தொடங்கின. முதலில் நடை தள்ளாடியது. பின்னர் மூட்டுகள் மடங்கி உடல் பாரத்தைத் தாங்க மறுத்தன. இறுதியில் ஒருக்களித்து விழுந்த கோழி, இறக்கையை அடித்தும் எழ முடியாமல், கொண்டை நீலம் பாய்ந்து, மூச்சுத் திணறி இறந்தது. நவம்பர் மாத இறுதியில் நோய் வந்த சுவடே தெரியாமல் மறைந்தது.

விசாரித்தபோது, செலவைக் குறைக்க எண்ணிய ஆய்வுக்கூட உதவியாளர் மருத்துவமனைச் சமையற்கட்டில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைக் கோழிகளுக்கு இட்டுவந்தார் என்பதும், புதிதாக வந்த சமையற்காரர் படைவீரரின் சோற்றைப் படையைச் சேராத கோழிகளுக்குத் தர மறுத்துவிட்டார் என்பதும் தெரியவந்தன. மருத்துவ வரலாற்றில் ஒரு சமையற்காரரின் கெடுபிடி இவ்வளவு பயன் தந்தது வேறெங்கும் இருக்குமா என்பது ஐயமே. தவிட்டை, அதாவது அரிசிமணியை ஒட்டிய மெல்லிய செந்நிறத் தோலை, மீண்டும் தீனியில் சேர்த்ததும் கோழிகள் எழுந்து நடந்தன. எனினும் மாவுச்சத்தில் ஏதோ நச்சு உண்டென்றும், தவிடு அதற்கு முறிவு என்றும் ஐக்மான் கருதினார். இல்லாத ஒன்றும் நோயை உண்டாக்கும் என்பதை ஏற்கும் பக்குவம் கிருமிகளையே தேடிய அக்கால மருத்துவத்துக்கு எளிதில் வாய்க்கவில்லை. அவருடைய பணியைத் தொடர்ந்த ஹெரித் ஹ்ரெய்ன்ஸ் என்பவரே, நரம்புகளுக்கு இன்றியமையாத ஒரு பொருள் தீட்டிய அரிசியில் குறைந்துபோவதுதான் காரணம் என 1901இல் விளக்கினார்.

இக்கதையில் தமிழருக்கும் ஓர் இடம் உண்டு. மலாயாவில் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரியால் மடிய, அருகிலேயே உழைத்த தமிழ்த் தொழிலாளர் பெரும்பாலும் தப்பியதை அங்கிருந்த மருத்துவர் பிராடன் கவனித்து, 1907இல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்தார். தமிழர் உண்டது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்தின் ஒரு பகுதி உள்ளே இறங்கி மணியோடு கலந்துவிடுவதால், பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அது முற்றிலும் நீங்குவதில்லை. பழைய பச்சரிசியில் பூஞ்சை நஞ்சு படிவதாகப் பிராடன் கொண்ட விளக்கம் பிழையாயினும் கவனிப்பு சரியானதே. பிரேசர், ஸ்டாண்டன் ஆகிய இருவர் ஜாவானியச் சாலைத் தொழிலாளரை இரு பிரிவாக்கி இருவகை அரிசியும் கொடுத்துச் சோதித்தும், கோழிகளிடம் சரிபார்த்தும் அதனை உறுதிசெய்தனர். தயமின் என்று இன்று அறியப்படும் அச்சத்தை 1936இல் செயற்கையாக உருவாக்கிய ராபர்ட் வில்லியம்ஸ், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூரில் பிறந்தவர்.

குஞ்சுகளின் முறை அமெரிக்காவில் வந்தது. தாய்க்கோழியின்றிப் பொரித்து, குளிர்காலத்தில் மூடிய அறையில் வளர்த்த குஞ்சுகள் சில வாரங்களில் எலும்பு மென்மையாகிக் கால் வளைந்து உட்கார்ந்துவிட்டன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஹார்ட், ஹால்பின், ஸ்டீன்பாக் ஆகியோர் 1920களின் தொடக்கத்தில் நடத்திய ஆய்வுகள், வெயிலோ காட் மீனின் ஈரல் எண்ணெயோ இக்குறையைப் போக்குவதைக் காட்டின. சன்னற் கண்ணாடி வழியே விழும் வெளிச்சம் பயன்படாது, ஏனெனில் வைட்டமின் டி உருவாக வேண்டிய புறஊதாக் கதிரைக் கண்ணாடி தடுத்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் கூரைக்கடியில் கோழி வளர்க்கும் தொழில் இதன் பின்னரே கைகூடியது என்பதால், இன்றைய கறிக்கோழிப் பண்ணை அந்த நாற்றமடிக்கும் எண்ணெய்க்குப் பெரிதும் கடன்பட்டது எனலாம்.

எலும்பு உறுதியான பின்னும் கால்கள் பிறழ்ந்தன. கோழிக்காலில் பின்னோக்கி மடங்கும், முழங்கால்போல் தோன்றும் மூட்டு உண்மையில் கணுக்காலே. அது வீங்கித் தட்டையாகி, பின்புறத் தசைநாண் பள்ளத்திலிருந்து பக்கவாட்டில் நழுவ, கால் வெளிப்புறமாக முறுக்கிக்கொண்டது. எலும்புக்கென்று கூடுதலாகச் சேர்த்த எலும்புத்தூளே மாங்கனீசு என்னும் கனிமத்தைக் குடல் ஏற்காமல் தடுத்தது என்பதைக் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1936இல் வெளியிட்ட முடிவுகள் தெளிவாக்கின. ரிபோஃபிளேவின் என்னும் வைட்டமின் குறைவால் விரல்கள் உட்சுருண்ட குஞ்சைத் தொடக்கத்திலேயே சத்துக் கொடுத்துத் தேற்றலாம். நாண் நழுவிய குஞ்சுக்கோ அதன்பின் எவ்வளவு மாங்கனீசு கொடுத்தும் பயனில்லை.

தீனியே எல்லாவற்றுக்கும் விடை என்ற நம்பிக்கைக்கும் ஓர் எல்லை இருந்தது. காலும் இறக்கையும் செயலிழந்த நான்கு சேவல்களைப் பற்றி யோசெப் மாரெக் 1907இல் புடாபெஸ்டில் எழுதியிருந்தார். ஒரு காலை முன்னும் மற்றதைப் பின்னும் நீட்டிக் கிடக்கும் அந்த வாதத்தை எந்தத் தவிடும் எண்ணெயும் தீர்க்கவில்லை. அதற்குக் காரணம் ஹெர்ப்பிஸ் வகை வைரஸ் என 1967இல்தான் கண்டறியப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் வந்த தடுப்பூசி, நரம்பு முடக்கத்தோடு அவ்வைரஸ் உண்டாக்கும் புற்றுக்கட்டிகளையும் தடுத்ததால் புற்றுக்கெதிரான முதல் தடுப்பூசியாக எண்ணப்படுகிறது. பொரிப்பகங்களில் இன்று அது குஞ்சு வெளிவந்த முதல் நாளிலேயே போடப்படுகிறது.