அரிசிக் கப்பல் நின்றபோது சோறு போட்ட கொல்லைப்புறம்

நம் முன்னோர் மலாக்காவுக்கு வணிகர்களாக வந்தவர்கள். நகரின் கம்போங் கிளிங் பள்ளிவாசலை 1748-இல் எழுப்பியவர்கள் இந்திய முஸ்லிம் வணிகர்கள்தாம். பிற்காலத்தில் செர்காம், மெர்லிமாவ், ஜாசின் வட்டாரங்களில் மளிகைக் கடையும் சாப்பாட்டுக் கடையும் நடத்தியவர்களின் வழியில் வந்த நாம், நம் வரலாற்றைச் சொல்லும்போது கடைகளையும் பள்ளிவாசல்களையும் மறப்பதில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கொல்லையை மட்டும் விட்டுவிடுகிறோம். கடைகள் காலியாகிப்போன மூன்றரை ஆண்டுகளில் குடும்பங்களின் உயிரைக் காத்ததில் அந்தக் கொல்லைக்குப் பெரும்பங்கு உண்டு.

காலியான கடைகள்

1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி நடுவில் மலாக்காவும், பிப்ரவரி 15-இல் சிங்கப்பூரும் விழுந்தன. அன்றைய மலாயா தான் உண்ட அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைப் பர்மா, சயாம் போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் தருவித்து வந்தது. ரப்பரை விற்று அரிசியை வாங்குவதே இலாபம் என்பது அன்றைய கணக்கு. வியாபாரிகளாகிய நமக்கு அந்தக் கணக்கு நன்றாகவே புரியும். கப்பல் வரும்வரை அதில் தவறு ஒன்றும் இல்லை.

போரில் கப்பல் நின்றது. ரப்பரை வாங்க ஆளில்லை. 1943 அக்டோபரில் நெற்களஞ்சியமான கெடாவோடு பெர்லிஸ், கிளந்தான், திரெங்கானு மாநிலங்களையும் ஜப்பானியர் சயாமிடம் ஒப்படைத்தனர். பங்கீட்டு அரிசி குறைந்துகொண்டே போனது. வாழைமரம் அச்சிட்ட ஜப்பானிய நோட்டு மூட்டையாக இருந்தாலும் பொருள் கிடைக்கவில்லை. தமிழகத்தோடு கப்பல் போக்குவரத்து அற்றுப்போனதால் நம்மவர்கள் ஊருக்குப் பணம் அனுப்பவும் முடியவில்லை, கடிதம் பெறவும் வழியில்லை. தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் சயாம்-பர்மா இரயில் பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களில் பலர் திரும்பவே இல்லை. ஆண் துணை இல்லாத லயங்களில் பிள்ளைகளின் பசியைப் பெண்களே தனித்துச் சமாளிக்க வேண்டியிருந்தது.

திரும்பி வந்த மரவள்ளி

மலாக்கா மண்ணுக்கு மரவள்ளி புதிதல்ல. 19-ஆம் நூற்றாண்டில் சீன முதலாளிகள் இங்கே பெரும் மரவள்ளித் தோட்டங்கள் நடத்தினர். 1896-இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் ரப்பர் பயிரிட்ட பிறகுதான் கித்தா மரம் மரவள்ளியின் இடத்தை மெல்லப் பிடித்துக்கொண்டது. போர்க்காலத்தில் மரவள்ளி தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்தது. வீட்டு முற்றம், லயத்துப் பின்புறம், சடக்கு ஓரம், பள்ளித் திடல் என்று எங்கும் நட்டார்கள். ஜப்பானிய நிர்வாகமும் உணவுப் பயிரிடும்படி மக்களைக் கட்டாயப்படுத்தியது.

மரவள்ளியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அதற்கு விதை வாங்க வேண்டியதில்லை. ஒரு சாண் குச்சியை மண்ணில் செருகினால் போதும், எட்டு முதல் பன்னிரண்டு மாதத்தில் கிழங்கு தரும். வேண்டும்போது தோண்டிக்கொள்ளலாம், அதுவரை மண்ணுக்குள்ளேயே கிடக்கும். அதற்குள் பசி பொறுக்காதே என்று பக்கத்தில் மூன்று நான்கு மாதத்தில் விளையும் சர்க்கரைவள்ளியையும், மூன்று நான்கு வாரத்தில் பறிக்கக்கூடிய கீரையையும் போட்டார்கள். நாளைக்கு, மூன்று மாதத்துக்கு, அடுத்த ஆண்டுக்கு என்று மூன்று தவணையாகத் திட்டமிட்ட பயிர் அது.

ஆனால் மரவள்ளி மட்டுமே போதாது. அதில் இருப்பது பெரும்பாலும் மாவுச்சத்து. புரதமும் வைட்டமின் பி1-உம் மிகக் குறைவு. அதையே நம்பிய குடும்பங்களில் பெரிபெரி, கால் வீக்கம், ஆறாத புண் என்று நோய்கள் வந்தன. கசப்பு மரவள்ளியில் நஞ்சும் உண்டு. தோலுரித்து, ஊறவைத்து, நன்றாக வேகவைத்து, நீரை வடித்துவிட வேண்டும். இதை அறிந்து செய்தவர்கள் நம் வீட்டுப் பெண்களே. முருங்கைக் கீரையும் சர்க்கரைவள்ளி இலையும் காராமணியும் கிழங்கோடு சேர்ந்து குறையை ஓரளவு ஈடுசெய்தன. மலாய் அண்டை வீட்டார் தேங்காய்ப்பாலில் சமைக்கும் மரவள்ளிக் கொழுந்து நம் அடுப்புக்கும் வந்தது. கடற்கரைப் பக்கம் மீனுக்குக் கிழங்கு மாறியது. பணம் செத்துப்போன காலத்தில் கொல்லையே கடையாக இருந்தது.

உலகம் முழுவதும் அன்று இதே நிலைதான். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பூந்தோட்டங்கள் காய்கறித் தோட்டங்களாயின. பர்மா அரிசி நின்றுபோனதும் ஒரு காரணமாக, வங்காளத்தில் 1943-இல் ஏற்பட்ட பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர்.

பச்சைப் புத்தகமும் அதன் பிறகும்

நம் சங்கத்துக்கு ஐம்பது வயது. பச்சைப் புத்தகத் திட்டத்துக்கும் ஏறக்குறைய அதே வயதுதான். எண்ணெய் நெருக்கடிக்குப் பின் 1974-இல் நாட்டின் விலையேற்றம் 17 விழுக்காட்டைத் தாண்டியது. ரப்பர் விலை சரிந்து, அவ்வாண்டு நவம்பரில் பாலிங்கில் மக்கள் திரண்டு போராடினர். அந்தக் காலக்கட்டத்தில்தான் பிரதமர் துன் அப்துல் ரசாக், வீட்டைச் சுற்றிக் காய்கறி பயிரிடும் இத்திட்டத்தை அறிவித்தார். ஜப்பானியர் காலத்தைக் கண்டிருந்த நன்னிமாருக்கு யாரும் புத்தகம் கொடுத்துச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

எங்கள் தலைமுறைக்கு அந்தப் பாடம் 2020-இல் வந்தது. மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியது. கேமரன் மலையில் விளைந்த காய்கறிகளைச் சந்தைக்கு அனுப்ப முடியாமல் விவசாயிகள் கொட்டினார்கள். அதே வாரங்களில் கடைக்காரர்களாகிய நாங்கள் சரக்கு எப்போது வரும் என்று காத்திருந்தோம். 2021 நடுவில் வீடுகளின் முன் வெள்ளைக் கொடி தொங்கியது. 2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. செப்டம்பரில் இறக்குமதி அரிசி டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளியானது. மக்கள் 26 வெள்ளி உள்ளூர் அரிசியைத் தேட, அது அலமாரிகளில் காணாமல்போனது. எண்பது ஆண்டு கடந்தும் வெளிநாட்டு அரிசி இல்லாமல் நமக்கு ஆகவில்லை.

மண்ணைத் திறப்போம்

இன்று தாமான் வீடு வாங்கியதும் நாம் செய்யும் முதல் வேலை, பின்புற மண்ணைச் சிமெண்டால் மூடுவது. கார் நிறுத்த இடம் வேண்டும்தான். ஆனாலும் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நான்கு மரவள்ளிக் குச்சி, ஒரு கீரைப் பாத்திக்கு இடம் விட முடியாதா? இடமே இல்லாதவர்களுக்குப் பள்ளிவாசல், சூராவ் வளாகங்களின் ஓரத்து மண் இருக்கிறது. அதில் விளைவதை ஜும்ஆவுக்குப் பிறகு தேவையுள்ளோர் எடுத்துச் செல்லட்டும். கொல்லைத் தோட்டம் ஒரு குடும்பத்துக்கு முழு உணவாகிவிடாது. கப்பலோ லாரியோ தாமதிக்கும் நாட்களில் அது அவகாசம் தரும். 1942-இல் அந்த அவகாசம்தான் உயிர் காத்தது.

ஒருவர் நட்டதிலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. போர்க்காலத்தில் குச்சி நட்ட அந்த உம்மாமார்களின் பெயர்கள் எந்த மலரிலும் அச்சேறவில்லை. அவர்கள் நட்டதை உண்டு வளர்ந்தவர்களின் பிள்ளைகள்தாம் இன்று இந்த மலரைப் படிக்கிறோம். அவர்களின் கைப்பக்குவம் தெரிந்த மூத்தோர் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டுத் தெரிந்துகொள்வோம், பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு நடுவோம். வல்ல அல்லாஹ் அந்த முன்னோருக்கு நற்கூலி வழங்குவானாக, ஆமீன்.