தனிமமும் சேர்மமும்: பிரித்தறிந்த வரலாறு

வேதிமுறைகளால் அதைவிட எளிய பொருள்களாகப் பிரிக்க முடியாதது தனிமம். தனிமங்கள் குறிப்பிட்ட விகிதத்தில் வேதிமுறையில் இணைந்து உருவாவது சேர்மம். இலங்கைப் பாடநூல்கள் இவற்றை மூலகம், சேர்வை என்கின்றன. வரையறை எளியதுதான்; ஆனால் ஒரு பொருள் பிரியவில்லை என்றால் அது தனிமமா, கையிலுள்ள கருவி போதவில்லையா? வேதியியலாளர்களை நூறாண்டுக்கும் மேல் அலைக்கழித்த கேள்வி இது.

கிரேக்கர் காலம் முதல் நீர் ஓர் அடிப்படைப் பொருளாகவே எண்ணப்பட்டது. 1780களில் ஹென்றி கேவண்டிஷ் ஹைட்ரஜனை எரித்து நீரைப் பெற்றார். பாரிசில் லவாய்சியே, பழுக்கக் காய்ந்த இரும்புத் துப்பாக்கிக் குழல் வழியே நீராவியைச் செலுத்தினார். ஆக்சிஜனை இரும்பு பற்றிக்கொள்ள, ஹைட்ரஜன் வெளியேறியது. சேர்த்தும் பிரித்தும் காட்டிய பிறகு ஐயத்துக்கு இடம் குறைந்தது.

1789இல் லவாய்சியே 33 எளிய பொருள்களைப் பட்டியலிட்டார். இதுவரை பிரிக்கப்படாதவை என்பதே அவர் வைத்த அளவுகோல். ஒளியும் வெப்பமும் சுண்ணாம்பும்கூட அதில் இருந்தன. சுண்ணாம்பு ஓர் உலோகத்தின் ஆக்சைடாக இருக்கலாம் என்று அவரே ஐயுற்றார். தன் பட்டியலைத் தானே சந்தேகித்த அந்த நேர்மை போற்றத்தக்கது. 1808இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைக் கொண்டு சுண்ணாம்பிலிருந்து கால்சியத்தைப் பிரித்தபோது அந்த ஐயம் மெய்யானது.

அதே 1789இல் ஜெர்மனியின் கிளாப்ரோத் யுரேனியத்தைக் கண்டறிந்தார். அவர் உலோகம் என்று நம்பிய கரும்பொடி உண்மையில் ஆக்சைடு. 1841இல் பெலிகோ உண்மையான உலோகத்தைப் பிரித்தெடுக்கும் வரை இந்தப் பிழை நீடித்தது.

குளோரினின் கதை தலைகீழ். 1774இல் ஷீலே அதைத் தயாரித்தார். அமிலங்கள் அனைத்திலும் ஆக்சிஜன் உண்டு என்று லவாய்சியே கருதியதால், அமிலத்திலிருந்து கிடைத்த அந்தப் பச்சை வாயுவும் ஆக்சிஜன் சேர்ந்த சேர்மம் என்றே கொள்ளப்பட்டது. டேவி அதைப் பழுத்த கரியோடு வைத்துச் சோதித்தார். ஆக்சிஜனின் சுவடே இல்லை. 1810இல் அது தனிமம் என்று அறிவித்தார்.

பிரித்துப் பார்ப்பதே ஒரே வழி என்ற நிலை 1913இல் மாறியது. தனிமங்கள் வெளியிடும் எக்ஸ் கதிர்களை அளந்த ஹென்றி மோஸ்லி, அவற்றின் அதிர்வெண் அணுக்கருவின் மின்சுமையோடு ஒழுங்காக உயர்வதைக் கண்டார். இன்று தனிமத்தை வரையறுப்பது அதன் அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை: ஹைட்ரஜனுக்கு 1, குளோரினுக்கு 17, யுரேனியத்துக்கு 92.