எருமைப் பட்டியும் கோல்ஃப் பந்தும்

"கோல்ஃப் ஆட உமக்கு என்ன ஐயா யோக்கியதை?" என்று நேயர்கள் கேட்டால் அது நியாயம்தான். என் சொந்த ஊர் எருமப்பட்டி. நாமக்கல்லிலிருந்து துறையூர் போகும் சாலையில், கொல்லி மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. சிறு வயதில் நான் கையில் பிடித்த ஒரே கோல், எருமையை வீட்டுக்குத் திருப்புவதற்காகப் பிடித்ததுதான்.

இருந்தும் நண்பர் ஒருவர் விடவில்லை. கர்நாடகத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குச் சற்று அப்பால், ஒரு பழைய கோல்ஃப் மைதானத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அதன் பெயரைச் சொல்லப் போவதில்லை. நண்பர் அங்கே அங்கத்தினர், அவர் மானம் போகும். புல் என்று சொல்லத்தக்கது அங்கே இல்லை. நெருஞ்சி இருந்தது. சாணம் இருந்தது. என் முதல் பந்து, எங்கள் ஊர்க்காரன் அடித்த பந்துக்கு ஏற்றபடி, நேராகப் போய் ஓர் எருமைக் குளம்படிக்குள் இறங்கிவிட்டது.

"பராமரிப்பே இல்லை! பந்தை எடுத்து ஆறு அங்குலம் தள்ளி வைத்துக்கொள்ளலாம், இங்கே அதுதான் வழக்கம்" என்றார் நண்பர் வெட்கத்துடன்.

நான் மறுத்தேன். அதற்குக் காரணம் வீம்பு மட்டுமல்ல, சரித்திரமும்தான். இந்த ஆட்டம் பிறந்த ஸ்காட்லாந்துக் கடற்கரையில் தோட்டக்காரனே கிடையாது. புல்லை ஆடும் முயலும் மேய்ந்து கட்டையாக வைத்தன. ஆடுகள் குளிர்காற்றுக்கு ஒதுங்கிப் படுத்த பள்ளங்கள்தாம் பிற்பாடு மணல் குழிகளாயின என்பார்கள். 1457-லேயே அந்நாட்டு அரசர், ஜனங்கள் வில் பழகாமல் பந்தடிக்கிறார்களே என்று இந்த ஆட்டத்துக்குத் தடை போட்டார். எடின்பரோ கனவான்கள் 1744-ல் பதின்மூன்று விதிகள் எழுதி வைத்தார்கள். புல் வெட்டும் யந்திரமோ 1830-ல்தான் வந்தது. ஆகவே மேய்ச்சல் தரையில் ஆடுவதுதான் ஆதி ஆட்டம். பச்சைக் கம்பளம் பின்னால் வந்த சொகுசு. இவ்வளவையும் நண்பருக்கு விளக்கிவிட்டுக் குளம்படியிலிருந்தே பந்தை அடித்தேன். வெளியே வர ஏழு அடி ஆயிற்று.

குழியை நெருங்கியபோது ஓர் ஆச்சரியம். குழியைச் சுற்றியிருக்கும் வழவழப்பான இடத்துக்குக் 'கிரீன்' என்று பெயர் அல்லவா? இங்கே அது கறுத்த மண் வட்டம். மணலில் எண்ணெயைக் கலந்து கெட்டிப்படுத்தியிருந்தார்கள். இதற்குப் 'பிரௌன்' என்று பெயராம். புல்லுக்கு ஊற்றத் தண்ணீர் இல்லாத சீமையில் வெள்ளைக்காரர் கண்ட உபாயம். பக்கத்திலேயே கோலார் தங்கவயலிலும் இப்படித்தான் ஆடினார்கள்.

வட்டத்தின் ஓரத்தில் ஒரு பெரியவர் பலகையோடு நின்றார். ஆடி முடித்தவர்களின் கால் தடத்தை இழுத்துச் சமன் செய்வது அவர் வேலை.

"ஐயாவுக்கு எந்த ஊருங்க?" என்றார்.

சொன்னேன். பலகையைக் கீழே வைத்துவிட்டார். "எங்க பாட்டனுக்குச் சேந்தமங்கலம் பக்கமுங்க. தங்கவயலுக்கு வந்தவரு, திரும்பவே இல்லீங்க."

எங்கள் ஊருக்கு அடுத்த ஊர் சேந்தமங்கலம்! 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சேலம் ஜில்லாவைச் சூறையாடியது. 1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் கோலாரில் சுரங்கத்தை ஏற்றார்கள். பிழைப்புத் தேடிச் சேலம், வட ஆர்க்காடு ஜில்லாக்களிலிருந்து தமிழர்கள் அங்கே திரண்டார்கள். 1902-ல் சிவசமுத்திரத்திலிருந்து 92 மைல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தார்கள். சுரங்கம் 10,000 அடிக்கும் கீழே போயிற்று. அந்த ஆழத்தில் பாறை தொட்டால் சுடும். திடீரென்று வெடித்து ஆளை நசுக்கும். மேலே துரைமார் மாலை வேளையில் நாலேகால் அங்குலக் குழியில் பந்தைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். ஒரே ஊரில் இரண்டு வகைக் குழி! 2001 பிப்ரவரியில் சுரங்கத்தை மூடினார்கள்.

"அப்பாவும் சுரங்கத்திலேயா?"

"ஆமாங்க. இருமி இருமியே போயிட்டாரு. 'நீ குழிக்குள்ள எறங்காதே'ன்னு சொல்லி இந்த வேலையில விட்டாருங்க. இதுவும் குழி வேலைதானே" என்று சிரித்தார்.

எத்தனை வருஷமாயிற்று என்று கேட்டேன். நாற்பதுக்கு மேல் என்றார். ஒரு தடவையாவது ஆடியதுண்டா? அவர் நண்பரைப் பார்த்தார். நண்பர் வேறு பக்கம் பார்த்தார்.

மட்டையை நீட்டினேன். வாங்க மனமில்லாமல் வாங்கினார். செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டு வட்டத்தில் கால் வைத்தார். பன்னிரண்டு அடி தூரம் இருக்கும். பந்து எந்தப் பக்கம் சாயும் என்று அவர் யோசிக்கவே இல்லை. அந்த மண்ணை இழுத்தவருக்குத் தெரியாதா? பந்து குழிக்குள் 'டொக்' என்று விழுந்தது.

நண்பர் என் கணக்கில் எத்தனை அடி எழுதுவது என்று தகராறு ஆரம்பித்தார். பெரியவர் அதற்குள் பலகையை எடுத்துக்கொண்டு என் பூட்ஸ் தடத்தையும் தம் வெறுங்கால் தடத்தையும் சேர்த்து இழுக்க ஆரம்பித்துவிட்டார்.

"சீக்கிரம் அடுத்த குழிக்குப் போயிருங்க. தண்ணிக்குப் போன எருமைங்க திரும்பற நேரமுங்க" என்றார்.