இசைத்தட்டும் குறுந்தகடும்

தோன்றிய கணத்திலேயே மறைந்துபோவது ஒலியின் இயல்பு. ஓவியன் தீட்டிய வண்ணம் சுவரில் நிற்கும். புலவன் பாடியது ஏட்டில் நிற்கும். பாடகன் குரலோ கேட்டார் நெஞ்சிலன்றி வேறெங்கும் நின்றதில்லை. 1877இல் எடிசன் வெள்ளீயத் தாள் சுற்றிய உருளையில் தம் குரலைப் பதித்து, அதனையே மீண்டும் ஒலிக்கச் செய்தபோது இந்நிலை மாறிற்று. பத்தாண்டுகளுக்குப் பின் எமிலி பெர்லினர் உருளையை விடுத்துத் தட்டையான வட்டைக் கைக்கொண்டார். ஓர் அச்சிலிருந்து பல படிகள் எடுக்க வட்டே ஏற்றது.

யாம் அலுவல் நிமித்தம் வாழும் இக்கல்கத்தா மாநகருக்கு இவ்வரலாற்றில் தனியிடம் உண்டு. 1902 நவம்பரில் பிரெட் கெய்ஸ்பர்க் என்னும் பதிவு வல்லுநர் இங்குக் கௌஹர் ஜானின் பாடலைப் பதிவு செய்தார். பாடி முடித்ததும் அவ்வம்மையார் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்கக் கூறுவார். தட்டுகள் அச்சானவை ஜெர்மனியின் ஹானோவர் நகரில். பாடியவர் யாரென அங்குள்ள தொழிலாளர் அறிய அதுவே அடையாளம். 1908இல் சியால்தாவில் ஆலை எழுந்தது; பின்னர் டம்டமுக்குப் பெயர்ந்தது.

தட்டின் மூலப்பொருளும் இந்நாட்டினதே. சோட்டாநாகபுரிக் காடுகளில் குசும், பலாச மரங்களில் வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. பாண்டவரை எரிக்கப் பகைவர் கட்டிய இல்லம் எப்பொருளால் ஆயிற்றோ, அப்பொருளிலேதான் உலகின் பெரும்பாடகர் குரலெல்லாம் அரை நூற்றாண்டுக் காலம் குடியிருந்தது! அரக்குடன் கற்பொடியும் கரியும் கலந்து அழுத்திய அத்தட்டு நிமிடத்திற்கு 78 முறை சுழலும். 10 அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும். மணிக்கணக்கில் ஆலாபனை செய்த வித்துவான்கள் அம்மூன்று நிமிடத்துள் இராகத்தின் உயிரைப் பிழிந்து தந்தனர். 1933இல் இளமையிலேயே மறைந்த எஸ்.ஜி.கிட்டப்பாவின் குரலை நாம் இன்று அறிவது இத்தகைய தட்டுகளாலேயே.

1925இல் ஒலிவாங்கி வந்தது. அதுவரை ஊதுகுழலுக்குள் முகம் வைத்துக் கத்திப் பாட நேர்ந்த துன்பம் ஒழிந்தது. இரண்டாம் உலகப்போரில் அரக்கு வரத்து குன்றவே, அமெரிக்கர் தம் படைவீரர்க்கான தட்டுகளுக்கு வினைல் என்னும் செயற்கைப் பொருளையும் நாடினர். 1948இல் கொலம்பியா நிறுவனம் அதே பொருளில் நிமிடத்திற்கு 33⅓ முறை சுழலும் நெடுந்தட்டை வெளியிட்டது. ஒரு பக்கத்திற்கு இருபது நிமிடத்துக்கு மேல் இசை அடங்கிற்று, இரைச்சலும் குறைந்தது.

ஆயினும் வினைலுக்கும் குறைகள் உண்டு. தட்டின் விளிம்பில் ஊசியின் கீழ் நொடிக்கு ஏறக்குறைய 50 செ.மீ. பள்ளம் ஓடும், நடுவை நெருங்குங்கால் அதிற் பாதிக்கும் குறைவே. ஆதலின் பக்கத்தின் கடைசிப் பாடலில் தெளிவு குன்றும். நடுத்துளை சற்றே விலகியிருப்பின் சுருதி அலையும். மேலைநாட்டு முழக்க இசையில் இது மறைந்துபோகலாம். தம்புராவின் முன் அமர்ந்து பழகிய செவிக்கு மறையாது. இதனை வினைல் அன்பர்கள் எளிதில் ஒப்புவதில்லை.

குறுந்தகடு 1982 அக்டோபரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களும் கூடி வகுத்த முறை அது. நொடிக்கு 44,100 முறை ஒலியலையை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 படிகளுள் ஒன்றாகக் குறித்து, அவ்வெண்களை நுண்குழிகளாக்கி லேசர் ஒளியால் படிப்பர். ‘ஒலியைத் துண்டு துண்டாக நறுக்கிவிட்டனரே’ என்று வருந்துவோர் பலர். அது சரியன்று. மாந்தர் செவிக்கு எட்டும் உயர்ந்த அதிர்வு நொடிக்கு 20,000. அதன் இருமடங்குக்கு மேல் அளந்தால் அலை முழுமையாக மீளும் என்பது கணிதம். மெல்லொலிக்கும் வல்லொலிக்கும் இடைப்பட்ட வீச்சு குறுந்தகட்டில் ஏறத்தாழ 96 டெசிபல். நல்ல வினைல் தட்டில் 70 அளவே. சுருதி பிசகாது. பல்லவி முழுவதையும் இடையில் எழுந்து தட்டைத் திருப்பாமல் கேட்கலாம்.

பின் குறுந்தகட்டின் ஒலி வறட்சியானது என்னும் குறை எங்ஙனம் எழுந்தது? குற்றம் தகட்டில் அன்று, அதை ஆண்ட கைகளில். 1990களில் எம்பாட்டு பிறர் பாட்டினும் உரக்க ஒலிக்க வேண்டும் என்னும் போட்டி மூண்டது. மெல்லொலியையும் வல்லொலிக்கு நிகராகத் தூக்கி நிறுத்தினர். பழைய அரக்குத் தட்டுகளைக் குறுந்தகட்டுக்கு மாற்றியோர் சிலர், இரைச்சலை நீக்குகிறோம் என்று குரலின் கூர்மையையும் உடன் அரித்தெடுத்தனர். வினைலில் மிகையாக உரத்த ஒலியை வெட்டுவது அரிது. ஊசி தடம் புரளும். பொருளின் இயலாமையே அங்கு இசைக்குக் காப்பாயிற்று. 2022இல் அமெரிக்காவில், 1987க்குப் பின் முதன்முறையாக, வினைல் தட்டுகள் குறுந்தகடுகளினும் மிகுதியாக விற்றன.

எம் கதையையும் ஈண்டுச் சொல்லியாக வேண்டும். எந்தையார் விட்டுச்சென்ற அரக்குத் தட்டுகள் அறுபதுக்குமேல் எம்மிடம் இருந்தன. 2004இல் இடமாற்ற ஆணை வந்தது. அவற்றின் எடையை எண்ணி அஞ்சி, பாடல்களையெல்லாம் கணிப்பொறியில் ஏற்றிக் குறுந்தகடுகளில் எழுதிக்கொண்டு, தட்டுகளைப் பழைய பொருள் வாங்குவோனிடம் தந்துவிட்டோம். ‘குறுந்தகடு அழியாதது’ என்று இல்லத்தாரிடம் யாமே உறுதியும் கூறினோம். ஆலையில் அச்சிடும் தகட்டின் குழிகள் வார்ப்பில் அமைந்தவை என்பதும், வீட்டில் எழுதும் தகட்டிலோ நாளடைவில் வெளிறும் சாயப் பூச்சே எழுத்து என்பதும் அந்நாள் யாம் அறிந்திலேம். பத்தாண்டுகள் கழித்து எடுத்தபோது பதினொன்றில் நான்கே பாடின.

கடந்த ஆண்டு பிரீ ஸ்கூல் தெருவின் பழந்தட்டுக் கடையொன்றில், எந்தையார் மாலைதோறும் கேட்கும் பாடல் ஒன்றின் தட்டைக் கண்டோம். விளிம்பில் சிறு கீறல், எண்பதாண்டுக்கு மேற்பட்டது. கடைக்காரர் ஊசியை வைத்தார். மழை பெய்வதுபோன்ற இரைச்சலுக்கு நடுவே அக்குரல் எழுந்தது. கேட்ட விலையைப் பேரம் பேசாது தந்து, செய்தித்தாளில் சுற்றி மடியிலே வைத்தபடி டிராமில் வீடு வந்தோம். அதனை ஒலிக்கச் செய்யும் பெட்டி இன்னும் எம்மிடம் இல்லை.